முன்பாரமும் பின்பாரமும்: வன்னி வண்டிகளின் வரலாறு

வண்டியிற் சுமை ஏற்றுவோர் வழங்கும் சொற்களுள் முன்பாரம், பின்பாரம் என்னும் இரண்டும் பழமை வாய்ந்தவை. இரு சில்லு வண்டியின் அச்சுக்கு முன்னே ஏறிய சுமை முன்பாரம். பின்னே ஏறிய சுமை பின்பாரம். முன்பாரம் மிகுந்தால் நுகம் எருதின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் வண்டியின் முன்மரம் மேலே கிளம்பும்; எருதின் கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு அதன் தொண்டையை இறுக்கும். இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே, நுகம் கழுத்தின்மேல் அளவோடு ஊன்றி நிற்குமாறு சுமையை அமைப்பதே வண்டிற்காரர் கற்ற கல்வியாகும்.

இன்று மேனாடுகளில் நான்கு சில்லுகளிலும் விசை பாயும் ஜீப்பு வண்டியின் பின்னே ஒரு வீட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு காடும் மலையும் காணச் செல்வோர் பலர். எத்தகைய கொளுக்கியைத் தெரிவது, அதன்மேல் எவ்வளவு பாரத்தை இறக்குவது, பின்வண்டி பாம்புபோல் நெளியாதிருக்க என்ன செய்வது என்பன அவர்களுடைய வினாக்கள். அவ்வினாக்களுக்குப் பொறியியலார் கூறும் முதல் விடை, வண்டிற்காரர் கூறிய விடையேயாகும். ஆயினும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் வன்னிப் பெருநிலத்தில் இக்கல்வி உல்லாசப் பயணத்துக்கு உரியதாக இருந்ததில்லை. அங்கு அது விளைச்சலைக் காத்தது, வீட்டைக் காத்தது, சில காலங்களில் உயிரையும் காத்தது.

வண்டியையே வீடாகக் கொண்டு செல்லும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. வணிகர் கூட்டமாகச் செல்லும் வண்டித் தொடருக்குச் சாத்து என்னும் பெயர் சங்க நூல்களில் வழங்குகின்றது. கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணர் தம் மனைவி மக்களோடும் வீட்டுப் பொருள்களோடும் வண்டிகளிலே பயணஞ் செய்தனர். பெரும்பாணாற்றுப்படை அவ்வண்டிகளை விரிவாகக் காட்டுகின்றது. கோழிகள் அடையும் கூடும், காடி வைத்த கலமும் அவ்வண்டியில் உண்டு. கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். புறநானூற்றில் ஔவையார் பாடிய பாட்டொன்று இவ்வண்டிகளைப் பற்றிய மற்றொரு செய்தியைத் தருகின்றது. எருதுகளோ இளையவை; நுகம் பூண்டு பழகாதவை. சுமையோ மிகுதி. வழி எங்கே பள்ளத்தில் இறங்கும், எங்கே மேட்டில் ஏறும் என்பதை அறிந்தவர் இலர். ஆகவே உமணர் வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். நெடுவழிச் செல்வோருக்கு வேண்டிய முன்னெச்சரிக்கையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இச்சொல் உணர்த்துகின்றது.

வன்னியின் நில அமைப்பும் அத்தகைய எச்சரிக்கையை வேண்டி நின்றது. இந்நாடு பெரும்பாலும் சமதரை. எனினும் வழிகள் எளியவை அல்ல. மாரி காலத்தில் வயற்புறத்துக் களிமண் சில்லைக் குடம்வரை விழுங்கும். கோடையில் கடற்கரை மணல் அதே வேலையைச் செய்யும். கனகராயன் ஆறும் பாலியாறும் பறங்கியாறும் வெள்ளம் வரும்போது வழியை மறிப்பன; வற்றியபோதும் இறங்கி ஏற வேண்டிய கரைகளை விட்டுச்செல்வன. எங்கு நோக்கினும் குளக்கட்டுகள். அவற்றின்மேல் ஒற்றை வண்டித் தடம். இத்தகைய நாட்டில் முற்காலத்துப் பொருள்களைச் சுமந்தவை பொதிமாடுகளே. பொதிமாட்டுக்கு வலப்பொதியும் இடப்பொதியும் ஒத்த எடையாக இருத்தல் வேண்டும். பிரித்தானியர் ஆட்சியில் வீதிகள் அகன்றபோது வண்டில்கள் பெருகின. அப்போது வலம் இடம் என்ற சமநிலையோடு முன் பின் என்ற சமநிலையும் வேண்டியதாயிற்று.

மாட்டு வண்டிலின் பூட்டு முறையை உற்றுநோக்குவோர்க்கு அதன் நுட்பம் புலனாகும். நுகத்தை வண்டியின் முன்மரத்தோடு இரும்பினால் இறுக்கிவிடுவதில்லை. கயிற்றினால் வரிந்து கட்டுவர். ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். கயிறு நெகிழ்ந்து கொடுப்பதனால் அச்சாய்வு முழுவதும் எருதுகளின் கழுத்தைச் சென்று திருகுவதில்லை. இழுக்கும் விசை செல்லவேண்டும்; முறுக்கும் விசை செல்லக்கூடாது. இவ்விரண்டையும் பிரித்து வைத்தது அந்தக் கயிறு. ஏற்றத்தில் சுமையின் நிறை பின்னோக்கிச் சாயும். அப்போது வண்டிற்காரர் முன்மரத்தின்மேல் நகர்ந்து அமர்வார். இறக்கத்தில் நிறை முன்னோக்கிச் சாயும். அப்போது அவர் பின்னே செல்வார், அல்லது இறங்கி நடப்பார். எடையளக்கும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. எருதின் நடையே அவருடைய கருவி.

வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிற் பொங்கலுக்குச் செல்லும் வண்டில்களை இதற்குச் சான்றாகக் காட்டலாம். நந்திக்கடலின் அருகேயுள்ள அக்கோவிலுக்கு ஊர்ஊராகக் குடும்பங்கள் கூடார வண்டில்களிற் புறப்படும். அரிசி, பானை, பாய், விறகு, எருதுகளுக்கு வைக்கோல் என்பன ஏறும். வழியில் மரநிழலிலே வண்டிலை அவிழ்த்துச் சமைத்துண்டு, கூடாரத்தினுள்ளும் அதன் அடியிலும் உறங்கி, மறுநாள் பயணத்தைத் தொடர்வர். இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் குதிரை பூட்டிய வீட்டு வண்டியொன்றைச் செய்வித்து நாடு சுற்றினார். உல்லாச வீட்டு வண்டியின் வரலாற்றை மேனாட்டார் அவரிலிருந்தே தொடங்குவர். வன்னிக் குடியானவர் தம் கூடார வண்டிலை அத்தகைய வியப்பாகக் கருதியதில்லை. நெல் ஏற்றிய வண்டிலே கூடாரம் கட்டினால் கோவில் வண்டில் ஆகும். கூடாரத்தை அவிழ்த்தால் மீண்டும் நெல் வண்டில்.

இருபதாம் நூற்றாண்டு வன்னியின் முகத்தை மாற்றியது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் பணி 1902இல் தொடங்கியது. 1905இல் வட பகுதிப் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தையும் தென்னிலங்கையையும் இணைத்தது. 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. பின்னர் வவுனிக்குளமும் முத்தையன்கட்டுக்குளமும் திருத்தப்பெற்றன. காடு வயலாயிற்று, வயல் பெருகியபோது எருதின் வலிமை போதவில்லை. இந்நிலையிலேதான் உழவு இயந்திரம் வன்னிக்குள் நுழைந்தது.

உழவு இயந்திரத்தின் வரலாறும் பூட்டு முறையின் வரலாறேயாகும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அயர்லாந்தில் உழவு இயந்திரங்களின் திறனைக் கூட்டும் பணி ஹரி பேர்குசன் என்பவரிடம் வந்தது. அக்காலத்து இயந்திரங்கள் கலப்பையைச் சங்கிலி கொண்டு இழுத்தன. கலப்பை கல்லிலே தட்டி நின்றுவிட்டால், பின்சில்லு நிலத்தைப் பற்றிக்கொள்ள, இயந்திரத்தின் முன்பாகம் எழும்பி ஓட்டுநர்மேல் கவிழ்ந்துவிடும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர். எவ்விடத்திற் பூட்டுவது என்பது உயிர் பற்றிய வினா என்பதைப் பேர்குசன் கண்டார். கலப்பையை மூன்று புள்ளிகளிற் பிணைத்து, அதன் நிறையும் இழுவையும் பின்சில்லுகளை நிலத்தில் ஊன்றச் செய்யும் முறையை அவர் அமைத்தார். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்திற் செய்யப்பெற்ற அவருடைய சிறிய சாம்பல் நிற இயந்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேல் உலகெங்கும் சென்றது. அதன் வழிவந்த மெசி பேர்குசன் 35, 135 என்னும் செந்நிற இயந்திரங்கள் வன்னி வயல்களிற் குடும்ப உறுப்பினர் போலப் போற்றப்பட்டன.

பேர்குசன் தம் இயந்திரத்துக்கென ஒரு பெட்டியையும் அமைத்தார். அப்பெட்டியின் அச்சு நடுவில் இல்லை. பின்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே சுமையின் ஒரு பகுதி கொளுக்கியின் வழியே இயந்திரத்தின் பின்சில்லுகளில் இறங்கியது. சுமை ஏறஏறச் சில்லு வழுக்காது நிலத்தைப் பற்றியது. வண்டிற்காரர் முன்பாரம் என்றதைப் பேர்குசன் உருக்கினாற் செய்துகாட்டினார் எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எருதுக்கு முன்பாரம் ஒரு சுமை. அளவோடு இருந்தால் பொறுக்கும். இயந்திரத்துக்கோ அது பிடிப்பு; இல்லையேல் சேற்றில் நின்ற இடத்திலேயே சில்லுச் சுழலும். எனினும் அளவு இங்கும் வேண்டும். முன்பாரம் எல்லை கடந்தால் முன்சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்பும். திருப்பும் ஆற்றல் போய்விடும். கொளுக்கி அச்சின் மட்டத்திற்குக் கீழே தாழ்ந்திருக்கவேண்டும் என்ற விதியும் இதனாலேயே எழுந்தது. உயரத்திற் பூட்டினால் இயந்திரம் பின்னோக்கிக் கவிழும்.

சிறிய காணி உடையோருக்குப் பெரிய இயந்திரம் எட்டாத பொருள். அவர்களுக்கு இரு சில்லு உழவு இயந்திரம் வந்தது. இலங்கையரான பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த இயந்திரத்தை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் இயங்கிய லாண்ட்மாஸ்டர் நிறுவனம் செய்து விற்றது. பிற்காலத்தில் யப்பான் நாட்டு இயந்திரங்கள் வந்தபோதும், எந்த நாட்டில் எந்தப் பெயரில் வந்தாலும், வன்னியில் அது லாண்ட்மாஸ்டர் என்றே அழைக்கப்பட்டது. விஜேவர்தன தாமே பிற்காலத்தில், வெப்ப நாடுகளின் மண்ணுக்கு இயந்திர உழவு பொருந்துமா என்று வினவி, மண்ணைப் புரட்டாது பயிரிடும் முறைகளை வற்புறுத்தினார் என்பது நினைக்கத்தக்கது. ஆயினும் லாண்ட்மாஸ்டர் உழவோடு நின்றுவிடவில்லை. அதன் பின்னே இரு சில்லுப் பெட்டி ஒன்றைப் பூட்டியதும் அது வன்னியின் புதிய மாட்டு வண்டிலாயிற்று.

இவ்வமைப்பில் இயந்திரம் தனித்து நிற்காது. பெட்டியும் தனித்து நிற்காது. இரண்டும் கொளுக்கியில் ஒன்றையொன்று தாங்கியே நிற்கும். முன்பாரம் மிகுந்தால் இயந்திரத்தின் மூக்கு எழும்பும். பின்பாரம் மிகுந்தால் மூக்குத் தாழ்ந்து கைபிடிகள் எழும்பும். ஓட்டுநர் பெட்டியின் முன்னே அமர்ந்து நீண்ட கைபிடிகளைப் பிடித்திருப்பார். சமதரையில் இடப்பக்கத்துக் கிளச்சை விடுவித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பெட்டியே இயந்திரத்தைத் தள்ளும். அப்போது இடக்கிளச்சை விடுவித்தால், விடுபட்ட சில்லு விரைந்தோட, வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். இதை அறியாதவர் கட்டின் சரிவில் கவிழ்வர். இழுப்பவன் இழுக்கப்படுபவன் ஆகும் கணத்தில் விதிகள் யாவும் தலைகீழாகும் என்பதை இவ்வியந்திரம் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

எருதிலிருந்து இயந்திரத்துக்கு மாறியபோது ஆற்றல் பெருகியது. ஆனால் சில காப்புகள் மறைந்தன. எருது இறக்கத்தில் தானே பின்வாங்கித் தடுக்கும். பிறேக்கு இல்லாத பெட்டி அவ்வாறு தடுக்காது. இயந்திரம் சடுதியாக நின்றால் பெட்டி அதனைப் பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும். நெகிழ்ந்து கொடுத்த கயிற்றின் இடத்தை ஓர் இரும்பு வளையமும் அதனூடே செருகிய ஓர் ஆணியும் பெற்றன. வளையம் ஆணியைச் சுற்றித் தளர்வாக இருப்பதனால் பெட்டி ஓரளவு சாயலாம். ஆனால் ஆணியின் அடியிற் செருகும் சிறுகம்பி தெறித்தால் முழுப் பாரமும் கழன்று வீதியில் தறிகெட்டோடும். ஆகவே கொளுக்கி கழன்றாலும் பெட்டியைப் பிடித்து வைக்கும் சங்கிலி ஒன்று வேண்டும். அச்சங்கிலியைச் சேம அச்சின் பேரப்பிள்ளை என்று கூறலாம்.

மேனாட்டு வீட்டு வண்டிக்காரர் கண்ட வழிகளும் இவ்வழியினின்று விலகியவை அல்ல. பிரித்தானியாவில் வீட்டு வண்டியின் மொத்த நிறையில் 5 முதல் 7 சதவீதம் வரை கொளுக்கியின்மேல் இறங்குதல் நன்று என்பர். அவுஸ்திரேலியாவில் 10 சதவீதம் என்பர். ஆயிரம் கிலோகிராம் நிறையுடைய வண்டியில் இது 50 முதல் 100 கிலோகிராம் ஆகும். பாரமான பொருள்களை அச்சின் அருகே, தாழ்வாக வைக்கவேண்டும். இரு முனைகளிலும் பாரத்தைப் பிரித்து வைத்தால், ஒருமுறை அசைந்த வண்டி அசைந்துகொண்டே இருக்கும். வேகம் கூடக்கூட அந்த அசைவு அடங்காது பெருகும். நல்ல வீதிக்கு 50 மில்லிமீற்றர் உருண்டைக் கொளுக்கி போதும். கரடுமுரடான காட்டு வழிக்கு அது ஏற்றதன்று. வண்டி மிகச் சாய்ந்தால் அதன் கிண்ணம் முறுகும். ஆகவே அங்கு எத்திசையிலும் சுழலும் மூட்டுக் கொளுக்கியைத் தெரிவர். பாரத்தை முன்சில்லுக்குப் பகிர்ந்தளிக்கும் வில்கம்பிகளையும் மேடுபள்ளத்தில் கழற்றிவிடவேண்டும். இல்லையேல் அவை வண்டியின் சட்டத்தையே வளைத்துவிடும். அசைவைத் தடுக்கும் கருவிகள் எத்தனை இருப்பினும், பிழையாக ஏற்றிய பாரத்தை அவற்றால் திருத்த இயலாது. கருவி துணை செய்யும். பாரம் ஏற்றியவரின் அறிவே காக்கும்.

இந்த அறிவு வன்னியிற் சோதிக்கப்பட்ட காலம் போர்க்காலமாகும். 1990களில் எரிபொருள் தடைப்பட்டபோது இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மாட்டு வண்டிலும் துவிச்சக்கர வண்டியும் மீண்டும் முதன்மை பெற்றன. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டுப் பெயர்ந்தோரிற் பலர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சியினின்றும் மக்கள் அக்கராயன், மல்லாவி, விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களுக்குச் சென்றனர். இடம்பெயர்வு என்னும் சொல் அக்காலத்தில் அன்றாட வழக்காயிற்று.

2008ஆம் ஆண்டில் அச்சொல் முழு வன்னியையும் சூழ்ந்தது. மன்னார்ப் புறத்திலிருந்தும் மல்லாவி, துணுக்காய்ப் பகுதிகளிலிருந்தும் கிழக்கு நோக்கி உழவு இயந்திரங்கள் தொடர்தொடராகச் சென்றன. பெட்டியின் அடியில் நெல் மூடைகள். அவற்றின்மேல் பானை சட்டிகள், துவிச்சக்கர வண்டிகள். பக்கங்களில் கழற்றியெடுத்த கூரைத் தகடுகளும் கதவு நிலைகளும். உச்சியில் முதியோரும் குழந்தைகளும். வீட்டையே கழற்றி ஏற்றிய வண்டிகள் அவை. செப்டெம்பர் 16ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். நவம்பர் இறுதியில் நிஷா என்னும் புயல் பெருமழையையும் வெள்ளத்தையும் கொணர்ந்தது, தடங்கள் சேறாயின. 2009 சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நிலம் குறுகிக்கொண்டே சென்றது.

அப்பயணத்தில் முன்பாரமும் பின்பாரமும் பார்த்து ஏற்றுதல் ஒரு கைத்திறனன்று, உயிர்காக்கும் கணக்கு. உயரமாக அடுக்கிய பெட்டி குழியில் சாய்ந்தால் உச்சியில் இருந்தோர் வீழ்வர். பின்பாரம் மிகுந்தால் இயந்திரம் சேற்றிற் பிடிப்பிழந்து நிற்கும். ஒரு வண்டி நின்றால் ஒற்றைத் தடத்திற் பின்வரும் வண்டிகள் அனைத்தும் நிற்கும். ஒவ்வோர் இடப்பெயர்விலும் பெட்டியிலிருந்து சில பொருள்கள் இறக்கி விடப்பட்டன. முதலிற் கூரைத் தகடு, பின்னர் நெல், பின்னர் பெட்டியே. பெட்டியின்மேல் தறப்பாள் விரித்து உள்ளே இருந்தனர்; அதன் அடியிற் குழி வெட்டியும் உயிர் காத்தனர். இறுதியில் நந்திக்கடலைக் கடந்து நடந்தோர் கையிற் குழந்தையையும் ஒரு பையையும் தவிர வேறெதனையும் கொண்டுசென்றிலர். கடக்க இயலாதுபோனோர் பலர். போர் ஓய்ந்த பின்னரும் அக்கரையோரத்தில் துருப்பிடித்த வண்டிகளும் இயந்திரங்களும் குவிந்து கிடந்தன.

இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தனர். 2009இன் இறுதி முதற் படிப்படியாக ஊர் திரும்பினர். திரும்பிய உழவருக்கு எருதும் இல்லை, இயந்திரமும் இல்லை. அக்காலத்தில் இந்திய அரசு வட மாகாணத்து உழவர் அமைப்புகளுக்கு 500 உழவு இயந்திரங்களைக் கருவிகளோடு வழங்கியது. வயல்கள் மீண்டும் உழப்பெற்றன. பெட்டிகளில் மீண்டும் நெல் ஏறியது. மீட்கப்பட்ட பழைய பேர்குசன் இயந்திரங்களும் பட்டறைகளிற் பழுதுபார்க்கப்பட்டு ஓடத் தொடங்கின.

இன்று ஏ-9 வீதி அகன்று செப்பனிடப்பட்டிருக்கின்றது. செம்மையான வீதி வேகத்தைத் தருகின்றது. வேகமோ பிழையை மன்னிப்பதில்லை. சேற்றுத் தடத்தில் நடைவேகத்திற் சென்ற பெட்டி, தார் வீதியில் விரைந்து செல்லும்போது அதன் குறைகள் யாவும் வெளிப்படும். பின்விளக்கு, பிறேக்கு, ஆணியின் சிறுகம்பி, காப்புச் சங்கிலி என்னும் நான்கும் அற்பப் பொருள்கள், விலையும் சிறியவை. ஆயினும் இழுப்பதையும் இழுக்கப்படுவதையும் இணைக்கும் அச்சிறிய இடத்திலேதான் நெல்லும் வீடும் உயிரும் தங்கியுள்ளன. உமணர் சேம அச்சைக் கட்டியதும், வண்டிற்காரர் எருதின் நடையை நோக்கியதும், போர்க்காலத் தந்தையொருவர் பிள்ளைகளை ஏற்றுமுன் மூடைகளை முன்னே நகர்த்தி வைத்ததும் ஒரே அறிவின் மூன்று தோற்றங்கள். புறப்படுமுன் ஒருகணம் நின்று பாரம் பார்த்தலே அவ்வறிவு. வன்னி மக்கள் அதனைப் பெருவிலை கொடுத்துக் காத்திருக்கின்றனர். நல்ல வீதி கிடைத்த காலத்தில் அதனை மறந்துவிடாதிருத்தல் வேண்டும்.